மைட்டி பப்ஸ்: சூப்பர்ஹீரோ நாய்க்குட்டிகளின் குணங்களும் சக்திகளும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

'பா பேட்ரோல்' தொடரைப் பார்க்கும் குழந்தை இருக்கும் வீட்டில், எந்தக் குட்டிக்கு என்ன சக்தி, அது எப்படி வந்தது, ஏன் அவனுக்கு மட்டும் அது என்ற கேள்விகள் ஓய்வதே இல்லை. பெரியவர்கள் பாதிக் கவனத்துடன் பார்ப்பதால் பதில் சொல்லத் தடுமாறுகிறார்கள். அவர்களுக்காகவும், தமிழில் படிக்கத் தொடங்கியிருக்கும் குழந்தைகளுக்காகவும் இந்தப் பதில்கள் எழுதப்பட்டுள்ளன. சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான தொடர்தானே என்று ஒதுக்கிவிட முடியாத அளவுக்கு இதன் பாத்திரப் படைப்பில் சிந்தனை இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம்.

இந்த நாய்க்குட்டிகள் யார்? எந்த ஊர்?

'பா பேட்ரோல்' கனடாவில் உருவான அனிமேஷன் தொடர். இதன் மூலக் கருவை அளித்தவர் பிரிட்டனைச் சேர்ந்த கீத் சாப்மன். 'பாப் த பில்டர்' தொடரை உருவாக்கியவரும் அவரே. டொரோண்டோவில் உள்ள பொம்மை நிறுவனமான ஸ்பின் மாஸ்டர் தயாரிக்க, அமெரிக்காவின் நிக்கலோடியன் அலைவரிசையில் 2013 ஆகஸ்டில் ஒளிபரப்பு தொடங்கியது.

கதை நிகழும் ஊர் கடலோரத்தில் இருக்கும் அட்வென்ச்சர் பே என்ற கற்பனைச் சிற்றூர். ரைடர் என்ற பத்து வயதுச் சிறுவனின் தலைமையில் ஆறு நாய்க்குட்டிகள் அங்கே மீட்புப் பணி செய்கின்றன. சேஸ் காவல் பணி, மார்ஷல் தீயணைப்பும் முதலுதவியும், ஸ்கை வான்வழி மீட்பு, ரபிள் கட்டுமானம், ராக்கி மறுசுழற்சியும் பழுதுபார்ப்பும், ஜூமா நீர்வழி மீட்பு என்று ஆளுக்கொரு துறை. எவரெஸ்ட், டிராக்கர், லிபர்ட்டி போன்றவர்கள் பின்னால் சேர்ந்தவர்கள்.

அப்படியென்றால் இவர்கள் தொடக்கத்திலிருந்தே சூப்பர்ஹீரோக்கள் இல்லையா?

இல்லை. முதல் சில ஆண்டுகள் இவர்களிடம் இருந்தவை வண்டியும், சீருடையும், முதுகில் மாட்டிய கருவிப் பையும்தான். 2018-இல் வந்த 'மைட்டி பப்ஸ்' என்ற நீளமான சிறப்புக் கதையில்தான் முதன்முதலாகச் சக்தி கிடைக்கிறது. பக்கத்து ஊரான ஃபாகி பாட்டத்தின் மேயர் ஹம்டிங்கரும் அவருடைய உடன்பிறந்தார் மகனான ஹரோல்டும் செய்யும் ஒரு வேலை கோணலாகிப் போய், விண்கல் ஒன்று பாதை மாறி அட்வென்ச்சர் பேயில் வந்து விழுகிறது. அதன் ஆற்றல் குட்டிகளின் மேல் படிய, ஒவ்வொருவருக்கும் ஒரு சக்தி உண்டாகிறது. அந்தக் கதைக்குக் கிடைத்த வரவேற்பால் 2019 முதல் தொடருக்குள்ளேயே மைட்டி பப்ஸ் கதைகள் தொடர்ந்து வந்தன.

2023 செப்டம்பரில் திரையரங்குகளுக்கு வந்த இரண்டாவது திரைப்படமும் இதே விண்கல் கருவை எடுத்துக்கொண்டது. ஆனால் கதையை முதலிலிருந்து வேறு விதமாகச் சொன்னது. அங்கே விண்கல்லுக்குள் இருக்கும் படிகங்கள்தான் சக்தியின் ஊற்று. படிகம் கைவிட்டுப் போனால் சக்தியும் போய்விடும். தொடரில் ஒன்றும் படத்தில் ஒன்றுமாகப் பார்த்த குழந்தைகள் குழம்புவது இந்த இடத்தில்தான். இரண்டும் தனித்தனிக் கதைகள் என்று முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

யாருக்கு எந்தச் சக்தி என்பதில் ஏதேனும் ஒழுங்கு உண்டா?

உண்டு; இந்தத் தொடரின் மிகச் சிறந்த முடிவு என்று நான் நினைப்பது அதுதான். ஒவ்வொரு குட்டியும் சக்தி வருவதற்கு முன்பு என்ன வேலை செய்துவந்ததோ, அந்த வேலையின் நீட்சியாகவே சக்தி வருகிறது. ஹெலிகாப்டர் ஓட்டியவள் ஹெலிகாப்டர் இல்லாமலே பறக்கிறாள். மண்ணள்ளும் வண்டி ஓட்டியவன் வண்டி தூக்கும் பாரத்தைத் தானே தூக்குகிறான். பையில் கருவி வைத்திருந்தவன் கருவியை ஒளியால் வரைந்து எடுக்கிறான். ஆண்டுக்கணக்கில் பழகிய வேலை என்பதால், விண்கல் விழுந்த மறுநாளே எவரும் புது மனிதர்போல நடந்துகொள்வதில்லை. தெரிந்த வேலையைப் பெரிய அளவில் செய்கிறார்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்றும் உண்டு. சக்தி வந்தபின் எவருடைய பயமும் பலவீனமும் மறைந்துவிடுவதில்லை. பூனையைக் கண்டால் தும்முகிறவன் தும்மிக்கொண்டேதான் இருக்கிறான். அப்படியே விட்டுவைத்ததால்தான் குழந்தைகள் இந்தக் குட்டிகளைத் தங்களில் ஒருவராகக் கொள்கிறார்கள்.

சேஸ் எப்படிப்பட்டவன்?

சேஸ் ஜெர்மன் ஷெப்பர்டு இனத்தவன், நீலச் சீருடைக்காரன். 1899 முதல் முறையாக வளர்க்கப்பட்டு, காவல் பணிக்கு உலகெங்கும் பயன்படுத்தப்படும் இனம் அது என்பதால், போலீஸ் நாயாக அவனை வைத்ததில் வியப்பில்லை. ஒழுங்கு, நேரம், கட்டளை இவையே அவன் இயல்பு. ரைடர் இல்லாத நேரத்தில் அணியை நடத்துகிறவனும் பெரும்பாலும் அவன்தான். அவனுக்குக் கிடைத்தது மின்னல் வேகம். அழைத்த இடத்துக்கு முதலில் போய்ச் சேர வேண்டும் என்ற தவிப்பு எப்போதும் உள்ளவனுக்கு, அந்தத் தவிப்பே காலில் வந்து அமர்ந்ததுபோல இந்தச் சக்தி பொருந்துகிறது.

இவ்வளவு மிடுக்குக்கு நடுவே அவனுக்குப் பூனை முடியும் இறகும் ஒத்துக்கொள்ளாது. ஹம்டிங்கரின் பூனைக்குட்டிப் படை எதிரே நிற்கும்போது, தடுக்க வேண்டியவன் அடுக்கடுக்காகத் தும்முவான். கண்டிப்பான ஓர் அதிகாரியை இப்படித் தும்மவிட்டது பாத்திரத்துக்குப் பெரிய நன்மை செய்திருக்கிறது.

அவனுடைய கடந்த காலத்தை அறிய 2021-இல் வந்த முதல் திரைப்படத்தைப் பார்க்க வேண்டும். அதில் அவன் பெருநகரத்தின் தெருவில் ஆதரவற்றுத் திரிந்த குட்டி என்பதும், அங்கேதான் ரைடர் அவனைக் கண்டெடுத்தார் என்பதும் தெரியவருகிறது. அந்த நகரத்துக்குத் திரும்பிப் போனதும் கட்டளையிடும் சேஸ் காலடி எடுத்துவைக்கத் தயங்கி நிற்கிறான். அவனுக்கு ஒழுங்கு ஏன் அவ்வளவு தேவைப்படுகிறது என்பது அப்போதுதான் நமக்கு விளங்குகிறது.

மார்ஷல் தீயணைப்பு வீரன் ஆயிற்றே, அவனுக்கு நெருப்புச் சக்தி எப்படிப் பொருந்தும்?

குழந்தைகள் மிகச் சரியாகக் கேட்கும் கேள்வி இது. தீயை அணைக்க நீர்ச்சக்தி அல்லவா வேண்டும்?

நீர் ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. அவன் முதுகுப் பையிலேயே நீர்பீச்சும் குழாய்கள் உண்டு. விண்கல் அவனுக்குத் தந்தது வெப்பத்தையும் தீயையும் ஆளும் ஆற்றல். தீயணைப்புத் துறையில் இருப்பவர் நெருப்பைக் கண்டு ஓடுகிறவர் அல்லர். அது எந்தப் பக்கம் திரும்பும், எதைப் பற்றும், எப்போது அடங்கும் என்று கவனித்துக் கவனித்து அறிந்தவர். அந்த அறிவுள்ளவன் கையில் நெருப்பு இருப்பதுதான் பாதுகாப்பு. அதனால் இந்தத் தேர்வு முரணாகத் தோன்றினாலும் ஆழ்ந்து பார்த்தால் பொருத்தமானது என்றே நான் கருதுகிறேன். உறைந்துபோன ஒன்றை உருக்கவும் வழியை மறைக்கும் தடையை அகற்றவும் அவன் வெப்பம் பயன்படும். திரைப்படத்தில் அதுவே தீப்பந்துகளாக வெளிப்படுகிறது.

குணத்தைச் சொல்வதானால், அணியிலேயே தடுக்கி விழுகிறவன் அவன்தான். தொடரில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சியைக் கவனித்துப் பாருங்கள். ரைடர் அழைத்ததும் மற்ற ஐவரும் அணியின் தலைமையகமான கோபுரத்தின் லிஃப்ட்டுக்குள் வரிசையாகப் போய் நின்றுவிடுவார்கள். கடைசியாக ஓடிவரும் மார்ஷல் எதையாவது மிதித்து வழுக்கி, அப்படியே சறுக்கிக்கொண்டு உள்ளே வந்து மோதுவான். ஐவரும் ஒருவர்மேல் ஒருவர் சரிவார்கள். குவியலின் அடியிலிருந்து தலையை நீட்டி அவன் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, எல்லோரும் சிரிக்க, கதவு மூடிக்கொள்ளும். ஒருவர்கூட அவனைக் கடிந்துகொள்வதில்லை. தவறி விழுகிறவனிடம் ஓர் அணி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை ஒரு வார்த்தை அறிவுரை இல்லாமல் அந்தச் சில நொடிகள் காட்டிவிடுகின்றன.

அவன் டால்மேஷியன் இனத்தவன் என்பதற்கும் காரணம் உண்டு. குதிரைகள் இழுத்த தீயணைப்பு வண்டிகளின் காலத்தில், வண்டியோடு கூடவே ஓடி வழியை ஒதுக்கித் தரவும் குதிரைகளுக்குத் துணையாக இருக்கவும் அந்த இன நாய்களை வைத்திருந்தார்கள். அமெரிக்கத் தீயணைப்பு நிலையங்களின் அடையாளமாகப் புள்ளி நாய் நிலைத்தது அப்படித்தான்.

ஸ்கை அணியிலேயே சிறியவள். அவளுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

ஸ்கை, காக்கர் ஸ்பேனியலும் பூடிலும் கலந்த காக்கபூ வகையைச் சேர்ந்தவள். இளஞ்சிவப்பு உடுப்பும் விமானியின் கண்ணாடியும் அணிந்திருப்பாள். புறப்படும்போது துள்ளிக் குட்டிக்கரணம் போடுவது அவள் வழக்கம். தொடரில் அவள் சக்தி பறப்பதும் சுழற்காற்றை எழுப்புவதும். வானத்தையே வீடாகக் கொண்டவளுக்குக் கழுகு என்றால் நடுக்கம். பறக்கிறவளுக்குப் பறவையிடமே பயம் இருப்பது அழகான அமைப்பு. பயத்துடனேயே அவள் மேலே போகிறாள் என்பது அதைவிட அழகு.

2023 திரைப்படம் கிட்டத்தட்ட முழுவதும் அவளுடைய கதை. ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளில் மிகச் சிறியவளாக, நோஞ்சானாகப் பிறந்ததால் எவரும் அவளைத் தத்தெடுக்கவில்லை; பனியில் தனியே போனவளை ரைடர்தான் கண்டு காப்பாற்றினார் என்று படம் சொல்கிறது. அப்படிப்பட்டவளிடம் படிகம் பறக்கும் ஆற்றலோடு பெரும் பலத்தையும் கொடுக்கிறது. அதனால் மற்றவர்களைவிட அவள் அந்தச் சக்தியை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். சக்தி இருந்தால்தான் தனக்கு மதிப்பு என்று நம்பிவிடுகிறாள். விக்டோரியா வான்ஸ் என்ற விண்கல் ஆய்வாளர் வில்லியாக வந்தாலும், ஸ்கையின் உண்மையான போராட்டம் அந்த நம்பிக்கையோடுதான். இறுதியில் நகரத்தின்மேல் விழ வரும் மாபெரும் விண்கல்லைத் தடுக்க, நண்பர்களின் படிகங்களையும் தானே ஏந்திக்கொண்டு அவள் ஒருத்தியாக மேலே எழும்புகிறாள்.

வகுப்பில் முதல் வரிசையில் நிற்கவைக்கப்படும் உயரம் குறைந்த குழந்தைக்கு இந்தப் படம் என்ன பேசும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை. சிறிய குழந்தைகளுக்கான படத்தில், தன்னைத் தானே குறைவாக எண்ணும் வலியை இவ்வளவு நேராகத் தொட்டிருப்பதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

ரபிள் வெறும் பலசாலி மட்டும்தானா?

பலம் அவனுடைய சக்தி. மென்மை அவனுடைய குணம். ரபிள் இங்கிலீஷ் புல்டாக். காளையோடு மோதவிடுவதற்காக வளர்க்கப்பட்ட இனத்தின் வழி வந்தவன். அந்தக் கொடிய விளையாட்டை பிரிட்டன் 1835-இல் சட்டமிட்டுத் தடைசெய்த பிறகு, அந்த இனம் மெல்ல மெல்லச் சாதுவான வீட்டு நாயாக மாறியது. மஞ்சள் தொப்பியோடு மண்ணள்ளும் வண்டியில் வரும் ரபிள் அந்தச் சாதுவான பக்கத்தின் வாரிசு. சாப்பாடு, தூக்கம், நுரைக் குளியல் மூன்றும் பிடிக்கும். சிலந்தியைக் கண்டால் அலறுவான். திரைப்படத்தில் அவன் உருண்டையாகச் சுருண்டு, கட்டடம் இடிக்கும் இரும்புக் குண்டைப்போல மோதுகிறான்.

அவனிடம் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் உண்டு. சக்தி கிடைப்பதற்கு வெகு காலம் முன்பே அவன் தொலைக்காட்சியில் 'அப்பல்லோ' என்ற சூப்பர்ஹீரோ நாயின் தீவிர ரசிகன். கார்ட்டூன் நாய் ஒன்று தன் உலகத்தின் கார்ட்டூன் நாயைப் பார்த்து, நானும் அப்படி ஆக வேண்டும் என்று ஆசைப்படுகிறது. திரைக்கு இந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து அதையே ஆசைப்படும் குழந்தையின் நிலையும் அதுதான். 2023 முதல் ரபிளுக்கும் அவன் குடும்பத்துக்கும் தனித் தொடர் ஒன்றும் வந்துகொண்டிருக்கிறது.

ராக்கிக்குத் தொடரில் ஒரு சக்தி, படத்தில் வேறு சக்தியா?

ஆம், அணியில் மிகப் பெரிய வேறுபாடு ராக்கியிடம்தான். தொடரின் மைட்டி பப்ஸ் கதைகளில், வேண்டிய கருவியைப் பச்சை ஒளியாலேயே உருவாக்கிக்கொள்வான். திரைப்படத்திலோ அவனுக்குக் காந்த சக்தி. இரும்புப் பொருட்கள் அவன் சொல்படி நகரும். எது சிறந்தது என்று கேட்டால், தொடரில் உள்ளதே சிறந்தது என்பேன். ராக்கியின் இயல்பு எதையும் வீணாக்காமல் எடுத்துவைப்பது. உடைந்த சக்கரமோ, பழைய குழாயோ, கழற்றிப்போட்ட ஸ்குருவோ, அவன் வண்டியின் பின்புறம் எல்லாவற்றுக்கும் இடம் உண்டு. நெருக்கடி வரும்போது அந்தக் குவியலுக்குள் தலையை விட்டு ஒவ்வொன்றாக வெளியே எறிந்து தேடுவான். கடைசியில் சரியான பொருள் ஒன்று வாயில் கவ்வியபடி நிமிர்வான். அந்தத் தேடும் மூளையின் நீட்சி ஒளிக்கருவி. காந்தம் திரையில் பார்ப்பதற்கு விறுவிறுப்பாக இருக்கிறது. ஆனால் ராக்கியின் கைவேலைப் புத்தி அதில் அவ்வளவாகத் தெரிவதில்லை.

குறிப்பிட்ட இனம் எதையும் சேராத கலப்பின நாய் அவன் என்பது பலர் கவனிக்காதது. நம் தெருக்களில் வளரும் நாய்களும் அத்தகையவைதானே என்பதால், நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அவனைச் சுட்டிக்காட்டிச் சொல்லலாம். அவனுக்குத் தண்ணீர் பட்டால் ஆகாது. குளிக்கக் கூப்பிட்டால் ஒளிந்துகொள்வான். குளியலறை வாசலில் அழும் குழந்தைகளின் பெற்றோர் இந்த ஒரு விஷயத்தில் ராக்கியை முன்மாதிரியாகக் காட்டாமல் இருப்பது நலம்.

ஜூமா?

ஜூமா சாக்லேட் நிற லாப்ரடார்; ஆரஞ்சு உடை; நீரிலும் நிலத்திலும் செல்லும் ஹோவர்கிராஃப்ட் ஓட்டுபவன். லாப்ரடார் இனத்தின் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையில் மீனவர்களோடு கடலில் வேலைசெய்த நாய்கள். நீந்துவதற்கு ஏற்ற தடித்த வாலும் விரலிடைத் தோலும் இன்றும் அவற்றுக்கு உண்டு. எனவே ஜூமாவுக்கு நீர்ச்சக்தி வந்தது இயல்பே. தொடரில் நீரை எழுப்பி வீசுவான். படத்தில் தானே நீராக உருமாறிப் பாய்வான். கவலையற்ற, சிரித்த முகம். ஆங்கில மூலத்தில் அவனுக்கு 'ர' ஒலி சரியாக வராது. அதை எவரும் கேலி செய்வதுமில்லை, திருத்துவதுமில்லை. ஆனால் கதைகளில் அவனுக்குக் கிடைக்கும் இடம் குறைவு. கடலோர ஊரில் நடக்கும் தொடரில் நீர் மீட்பாளன் இவ்வளவு ஓரமாக நிற்பது எனக்கு வருத்தமே.

எவரெஸ்ட், டிராக்கர் இருவரும் எப்போதும் ஏன் வருவதில்லை?

அவர்கள் ஊருக்குள் இருப்பவர்கள் அல்லர். எவரெஸ்ட் சைபீரியன் ஹஸ்கி. பனிமலையில் ஜேக் என்பவரோடு வாழ்கிறாள். பனிச்சறுக்கு வண்டி இழுத்துப் பழகிய இனத்தில் வந்த அவளுக்குப் பனியையும் உறைபனிக்கட்டியையும் உண்டாக்கும் ஆற்றல் கிடைக்கிறது. டிராக்கர் சிவாவா இனம். காட்டில் கார்லோஸ் என்ற இளைஞரோடு இருப்பவன். மெக்சிகோவின் மாநிலம் ஒன்றின் பெயரையே தாங்கிய இனம் என்பதற்கேற்ப ஸ்பானியமும் ஆங்கிலமும் கலந்து பேசுவான். பெரிய காதுகளால் தொலைவில் வரும் ஒலியையும் பிடித்துவிடுவான். சக்தி வந்த கதைகளில் கொடிகளை வரவழைத்து ஆளுகிறான். காட்டிலேயே வாழ்ந்தாலும் இருட்டான ஆழமான இடங்களுக்குள் இறங்க அவனுக்குப் பயம்.

இரட்டையர்கள் என்கிறார்களே, அவர்கள் யார்?

'எல்லா', 'டக்' என்ற கோல்டன் ரெட்ரீவர் உடன்பிறப்புகள். மைட்டி பப்ஸ் கதைகளுக்காகவே உருவாக்கப்பட்டவர்கள். பெண் குட்டியான எல்லா மிகப் பெரிதாக வளர்வாள். பையன் மிகச் சிறிதாகச் சுருங்குவான். இருவரும் சேர்ந்தால்தான் வேலை முடியும் என்று கதைகள் அமைவதால், வீட்டில் சண்டையிடும் உடன்பிறப்புகள் பார்க்க ஏற்றவை.

லிபர்ட்டியின் சக்தி ஏன் தாமதமாக வந்தது?

லிபர்ட்டி நீள முடி கொண்ட டாக்ஸ்ஹண்ட்; சேஸ் திரிந்த அந்தப் பெருநகரமான அட்வென்ச்சர் சிட்டியின் தெருக்களிலேயே வளர்ந்து, ஒவ்வொரு சந்துபொந்தையும் அறிந்தவள். 2021 திரைப்படத்தில், தயங்கி நின்ற சேஸுக்குத் துணையாக நின்று, அந்தப் படத்தின் முடிவில் அணியில் சேர்ந்தவள். இரண்டாவது படத்தில் எல்லோரும் படிகத்தை எடுத்ததும் ஆளுக்கொரு சக்தி வெளிப்படுகிறது. அவளுக்கு மட்டும் ஒன்றும் நடப்பதில்லை. அவள் அதைப் பலவிதமாகச் சோதித்துப் பார்த்துச் சலித்துப்போகிறாள். அதே நேரத்தில் மூன்று குட்டிப் பொமரேனியன்களுக்குப் பயிற்சி தரும் பொறுப்பும் அவள் தலையில் விழுகிறது. பிறகு ஒரு சமயத்தில், உடல் ரப்பர்போல இழுபடும் ஆற்றல் தனக்கு இருப்பதைக் கண்டுகொள்கிறாள். பிறர் திறமை பளிச்சிடும்போது தன்னுடையது இன்னும் தெரியவில்லையே என்று ஏங்குவதைப் படம் நகைச்சுவையாகவே எடுத்துச்சென்றாலும், அவளுடைய ஏக்கத்தை அது கேலி செய்யவில்லை.

எந்தச் சக்தியும் இல்லாத ரைடர் ஏன் தலைவர்?

ரைடரிடம் இருப்பது அழைப்புக் கருவியும், வண்டிகளை வடிவமைக்கும் திறமையும், யாரை எதற்கு அனுப்புவது என்ற தெளிவும். பெரும்பாலான கதைகளில் அழைப்பு வந்ததும், ஆறு பேரையும் நிறுத்திவைத்து, இன்ன வேலைக்கு இன்னார் என்று சிலரைத் தேர்ந்தெடுப்பார், மற்றவர்கள் காத்திருப்பார்கள். சக்தி வந்த பின்னும் வேலையைப் பிரித்துத் தருபவர் அவரே. அந்த வயதுச் சிறுவனுக்குப் பெற்றோர் எங்கே, இந்தக் கோபுரத்துக்குப் பணம் யார் தருகிறார்கள் என்ற கேள்விகளுக்குக் கதையில் பதில் கிடையாது. அவற்றைக் கேட்பவர்கள் பெரியவர்கள் மட்டுமே.

வில்லன்களுக்கும் சக்தி உண்டா?

உண்டு. பளபளக்கும் பொருட்களைத் திருடும் லேடிபேர்ட், எதிரே இருப்பவரின் சக்தியைப் படியெடுக்கும் காப்பிகேட் என்ற பூனை ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். காப்பிகேட்டை நான் நல்ல படைப்பு என்பேன். குட்டிகளின் ஆற்றல் அவனுக்கும் வந்துவிடுகிறது. அந்த ஆற்றலுக்குப் பின்னால் இருக்கும் பழக்கமும் பொறுமையும் வருவதில்லை. மேயர் ஹம்டிங்கர் கொடியவர் என்பதைவிட வீண்பெருமைக்காரர். குழந்தைகள் அவரைக் கண்டு அஞ்சுவதில்லை.

தொடக்க அணியில் ஒரே ஒரு பெண் குட்டிதானே?

ஆம், ஆறு பேரில் ஸ்கை மட்டுமே பெண். இந்தக் குறை நியாயமானது. அவளுக்கு இளஞ்சிவப்பு நிறத்தையே கொடுத்ததும் பழகிப்போன எண்ணத்தின் விளைவே. எவரெஸ்ட், எல்லா, லிபர்ட்டி ஆகியோர் வந்தபின் நிலை மாறியிருக்கிறது. இருந்தாலும் அன்றாடக் கதைகளில் ஆண் குட்டிகளின் எண்ணிக்கையே மிகுதி.

உலகின் முதல் சூப்பர்ஹீரோ நாய் அணி இதுதானா?

இல்லை. சூப்பர்மேனின் நாயான கிரிப்டோ 1955-இலேயே டிசி காமிக்ஸில் தோன்றிவிட்டது. 1966-இல் அந்த நாய்க்கு விண்வெளி நாய்ப்படை ஒன்றே அமைந்தது. வால் நீண்டு வளைந்து கயிறுபோல் பிடிக்கும் டெயில் டெரியர், உடல் ஊதிப் பெருக்கும் மாமத் மட், அனல் கக்கும் ஹாட் டாக் போன்றவர்கள் அதில் இருந்தார்கள். 2005-இல் தொடங்கிய 'கிரிப்டோ த சூப்பர்டாக்' கார்ட்டூன் அந்தப் படையைப் புதிய தலைமுறைக்கு அறிமுகப்படுத்தியது. அங்கே பெயரைச் சொன்னாலே சக்தி தெரிந்துவிடும். சக்தியைத் தாண்டி அந்த நாய்க்கென்று ஒரு வாழ்க்கை பெரும்பாலும் இருக்காது. மைட்டி பப்ஸில் வேலையும் பயமும் நட்பும் முன்பே இருந்து, சக்தி கடைசியாக வந்து சேர்ந்தது.

எந்த வயதுக் குழந்தைகள் பார்க்கலாம்? எதை முதலில் காட்டுவது?

பள்ளிக்குச் செல்லத் தொடங்காத, இப்போதுதான் தொடங்கியிருக்கும் குழந்தைகளை எண்ணியே தொடர் எடுக்கப்பட்டுள்ளது. அடிதடி அநேகமாக இல்லை. வில்லனைக்கூடக் கடைசியில் காப்பாற்றிக் கரைசேர்ப்பார்கள். திரைப்படங்கள் இரண்டும் தொடரைவிடப் பரபரப்பானவை. 2023 படத்தில் ஸ்கை பனியில் தனியே இருக்கும் காட்சியும், உச்சக்கட்டத்துக்குப் பின் அவள் அசைவற்றுக் கிடக்கும் காட்சியும் மிகச் சிறியவர்களை அழவைக்கக்கூடும். மடியில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது.

பொம்மை நிறுவனத்தின் தயாரிப்பு என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு புதிய சக்திக்கும் புதிய உடை, புதிய வண்டி, அதற்கேற்ப கடையில் புதிய பொம்மை என்ற வரிசை தற்செயலானது அன்று. விலையும் கொஞ்சநஞ்சமல்ல. வாங்கித்தர முடியாத வீடுகளில் அட்டைப்பெட்டியும் வண்ணப் பென்சிலும் போதும். மார்பில் ஒட்டும் சின்னத்தைப் பிள்ளைகளே வரைந்துகொள்வார்கள்.

வரிசையைப் பொறுத்தவரை, சாதாரணத் தொடரில் சில கதைகளை முதலில் காட்டுங்கள். மார்ஷல் வழுக்கி விழுவதையும் ராக்கி குளிக்க மறுப்பதையும் பார்த்துப் பழகிய பிறகு 2018-இன் சிறப்புக் கதைக்குப் போங்கள். அதன்பின் தொடரின் மைட்டி பப்ஸ் கதைகள், பிறகு முதல் திரைப்படம், கடைசியாக இரண்டாவது திரைப்படம். முதல் படத்தை விட்டுவிட்டு இரண்டாவதைப் பார்த்தால் லிபர்ட்டி யாரென்று குழந்தை கேட்கும்.